வாசகர் கேள்வி – பதில்: கேம் கன்சோல் விலையில் வரியின் பங்கு எவ்வளவு?

கடந்த சில வாரங்களாக டெல்டா மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் வீடியோ கேம் கன்சோல்களின் (தொலைக்காட்சியோடு இணைத்து விளையாடும் கருவிகளின்) விலையைப் பற்றிய கேள்விகள் அதிகம். ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் கேள்விகள் என்பதால், இந்த இதழின் பக்கத்தை முழுவதும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்ததும் ப்ளேஸ்டேஷன் 5 வாங்கித் தர வேண்டும் என்று என் மகன் கேட்கிறான். அமெரிக்கா வரி போட்டதால்தான் விலை ஏறியிருக்கிறது, இன்னும் ஏறும் என்று கடைக்காரர் சொல்கிறார். அமெரிக்கா விதித்த வரியைத் தஞ்சாவூரில் இருக்கும் நான் எதற்காகக் கட்ட வேண்டும்?
– தஞ்சாவூர் வாசகர்

பதில்: அமெரிக்க வரியில் ஒரு ரூபாயைக்கூட நீங்கள் நேராகக் கட்டுவதில்லை. இறக்குமதி வரி என்பது, பொருள் எந்த நாட்டுக்குள் நுழைகிறதோ அந்த நாட்டின் இறக்குமதியாளர் தம் சொந்த அரசுக்குச் செலுத்தும் தொகை. சீனாவில் தயாரான ஒரு கன்சோல் அமெரிக்கத் துறைமுகத்தில் இறங்கினால் அதற்கான வரி அமெரிக்கக் கருவூலத்துக்கும், சென்னையில் இறங்கினால் இந்தியக் கருவூலத்துக்கும் போகும். ஏற்றுமதி செய்யும் நாடு வரியைக் கட்டுகிறது என்று அரசியல் மேடைகளில் எவ்வளவு உரக்கச் சொன்னாலும் சுங்கத்துறையில் நடப்பது அதுவன்று.

இருந்தாலும் கடைக்காரர் சொல்வதை முற்றிலும் தள்ளிவிடவும் முடியாது. 2025 ஏப்ரல் 2 அன்று அமெரிக்க அரசு நாடுவாரியாகப் புதிய வரிகளை அறிவித்தபோது வியட்நாமுக்கு 46 சதவீதம், ஜப்பானுக்கு 24 சதவீதம் என்று விகிதங்கள் வெளியாயின. சீனப் பொருள்கள் மீதான மொத்தக் கூடுதல் வரி அதே மாதத்தில் 145 சதவீதம் வரை போய், மே மாதத்தில் 30 சதவீதத்துக்கு இறங்கியது. நின்டெண்டோ நிறுவனம் தன் ஸ்விட்ச் 2 கன்சோலுக்கு 449.99 டாலர் என்று விலை அறிவித்ததும் அதே ஏப்ரல் 2 அன்றுதான். அமெரிக்காவில் ஒரு வாரத்தில் தொடங்கவிருந்த முன்பதிவை அது தள்ளிவைத்து, பின்னர் கன்சோலின் விலையை மாற்றாமல் துணைக்கருவிகளின் விலையை மட்டும் உயர்த்தி, ஜூன் 5 அன்று விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2019-லேயே சீனாவை மட்டும் நம்பாமல் உற்பத்தியில் ஒரு பகுதியை வியட்நாமுக்கு மாற்றிய நிறுவனம் அது. ஆறு ஆண்டுகள் கழித்து வியட்நாமும் பட்டியலில் வந்துவிட்டது.

கன்சோல் தயாரிக்கும் மற்ற இரு பெரிய நிறுவனங்களான மைக்ரோசாஃப்டும் சோனியும் அப்படிப் பொறுத்திருக்கவில்லை. மைக்ரோசாஃப்ட் 2025 மே மாதத்தில் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் விலையை 499.99 டாலரிலிருந்து 599.99 டாலராகவும், அக்டோபரில் 649.99 டாலராகவும் ஆக்கியது. சோனி ஆகஸ்டில் அமெரிக்காவில் ப்ளேஸ்டேஷன் 5 வகைகள் அனைத்துக்கும் 50 டாலர் கூட்டியது. உங்கள் கேள்விக்கு முக்கியமான செய்தி இதற்குள்தான் இருக்கிறது: மைக்ரோசாஃப்டின் மே மாத உயர்வு அமெரிக்காவோடு நிற்கவில்லை, பல நாடுகளுக்கும் சேர்த்தே அறிவிக்கப்பட்டது, சோனியோ அமெரிக்காவுக்கு நான்கு மாதங்கள் முன்பே, ஏப்ரலில், ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் விலையை உயர்த்தியது. பணவீக்கம், நாணய மாற்று, சந்தை நிலவரம் என்றுதான் அறிவிப்புகளில் காரணம் சொன்னார்கள். வரி என்ற சொல்லைத் தவிர்த்தார்கள். உலகமெங்கும் விற்கும் நிறுவனம் ஒரு பெரிய சந்தையில் ஏற்படும் செலவை மற்ற சந்தைகளுக்கும் பகிர்ந்துவிட முடியும் என்பதும், அப்படிப் பகிர்ந்ததை வாங்குபவர் நிரூபிக்க முடியாது என்பதும் என் கருத்து.

இதில் இன்னொரு விந்தையும் உண்டு. 2025 ஏப்ரல் 11 அன்று அமெரிக்க அரசு திறன்பேசிகளையும் கணினிகளையும் அந்தப் புதிய வரிகளிலிருந்து விலக்கியபோது கேம் கன்சோல்களை விலக்கவில்லை. உள்ளே இருப்பது ஒரே வகைச் சில்லுகள்தான் என்றாலும், சுங்க வகைப்பாட்டில் கணினி ஓர் அத்தியாயத்திலும் கன்சோல் பொம்மை, விளையாட்டுப் பொருள்களோடு வேறோர் அத்தியாயத்திலும் இருக்கின்றன. எந்த அலமாரியில் பெயர் எழுதப்பட்டிருக்கிறதோ அதற்குத்தான் வரி.

ஆயினும் தஞ்சாவூர் விலைக்கு அமெரிக்காவைப் பெரிதாகக் குறை சொல்ல இயலாது. ப்ளேஸ்டேஷன் 5 இந்தியாவில் 2021 பிப்ரவரியில் 49,990 ரூபாய்க்கு வந்தது. 2022 நவம்பரில் 54,990 ரூபாயானது. அமெரிக்க வரிகளுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் முந்தைய உயர்வு இது. நீங்கள் கொடுக்கும் பணத்தில் எந்த வரி இருக்கிறது என்று அறிய நம் ஊர்ச் சுங்கத்தைத்தான் பார்க்க வேண்டும். அடுத்த கேள்வி அதைப் பற்றியதே.

கேள்வி: நான் வணிகவியல் மாணவன். கன்சோலுக்குச் சுங்க வரி 20 சதவீதம், ஜி.எஸ்.டி. 18 சதவீதம் என்று படித்தேன். கூட்டினால் 38 தான் வருகிறது. ஆனால் மொத்த வரிச்சுமை 44 சதவீதம் என்கிறார்களே?
– கும்பகோணம் வாசகர்

பதில்: வரிகள் ஒன்றின் அருகில் ஒன்றாக நிற்பதில்லை, ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி உட்காருகின்றன. ஒரு கன்சோலின் இறக்குமதி மதிப்பு 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடிப்படைச் சுங்க வரி 20 சதவீதம், அதாவது 6,000 ரூபாய். அந்த 6,000-இன் மீது 10 சதவீதம் சமூக நல மேல்வரி, 600 ரூபாய். இப்போது மதிப்பு 36,600 ரூபாய் ஆகிவிட்டது. ஒருங்கிணைந்த ஜி.எஸ்.டி. 18 சதவீதம் இந்த 36,600-க்குத்தான் கணக்கிடப்படும், 30,000-க்கு அன்று; ஆகவே 6,588 ரூபாய். மூன்றையும் சேர்த்தால் 13,188 ரூபாய், அதாவது 43.96 சதவீதம்.

இந்தச் சுமை எப்போதும் இதே அளவில் இருந்ததில்லை. 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது கன்சோல்கள் 28 சதவீதப் பிரிவில் வைக்கப்பட்டன. சுங்க வரி அப்போது 10 சதவீதம். 2018 பிப்ரவரி பட்ஜெட்டில் சுங்க வரி இரட்டிப்பாகி 20 சதவீதமானது. அந்த ஆண்டு டிசம்பரில் கூடிய ஜி.எஸ்.டி. மன்றம் கன்சோல்களை 18 சதவீதத்துக்கு இறக்கி, 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. மேற்சொன்ன 30,000 ரூபாய்க் கன்சோலுக்கு 2018-இல் ஏறத்தாழ பதினோரு மாதங்கள் வரி மட்டும் 16,848 ரூபாயாக இருந்தது.

மாணவர் என்பதால் இன்னும் ஒரு படி மேலே போகலாம். இறக்குமதியில் கட்டிய ஜி.எஸ்.டி.யை இறக்குமதியாளர் உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொண்டு, தாம் விற்கும்போது வசூலிக்கும் ஜி.எஸ்.டி.யில் கழித்துக்கொள்வார். சுங்க வரிக்கும் மேல்வரிக்கும் அப்படி ஒரு கழிவு கிடையாது. அந்த 6,600 ரூபாய் அடக்க விலையில் கலந்து, அதன் மீதும் லாபம் வைக்கப்பட்டு, லாபத்தோடு சேர்ந்த தொகையின் மீது மீண்டும் 18 சதவீதம் ஏறும். விநியோகஸ்தரும் கடைக்காரரும் சேர்ந்து 8 சதவீதம் லாபம் வைப்பதாகக் கொண்டால், துறைமுகத்தில் 6,600 ரூபாயாக இருந்த சுங்கம் வாங்குபவரின் பில்லில் 8,411 ரூபாயாக முடியும். சுங்க வரி உயர்ந்தால் கடை விலை அதைவிடச் சற்று அதிகமாக ஏறுவது போலத் தோன்றுவதற்குக் கடைக்காரரின் பேராசைதான் காரணம் என்று எப்போதும் சொல்லிவிட முடியாது.

வரி எதன் மீது என்பதையும் கவனியுங்கள். அமெரிக்கக் கடை விலையின் மீதோ, பெட்டியில் அச்சிட்ட அதிகபட்ச விலையின் மீதோ அன்று. இறக்குமதியாளர் கொடுத்த விலை, கப்பல் கூலி, காப்பீடு ஆகியவற்றைக் கூட்டி, சுங்கத்துறை அறிவிக்கும் மாற்று விகிதத்தில் ரூபாயாக்கிய மதிப்பின் மீது. 2021 பிப்ரவரியில் டாலர் சுமார் 73 ரூபாய். அமெரிக்கக் கடை விலையான 499.99 டாலரை அப்படியே ரூபாயாக்கி 43.96 சதவீதம் சேர்த்தால் 52,500 ரூபாயைத் தாண்டும். ஆனால் இங்கே 49,990-க்கு விற்றார்கள். இறக்குமதி மதிப்பு அமெரிக்கக் கடை விலையைவிடக் குறைவு என்பது இதிலிருந்தே தெரிகிறது.

ரூபாயின் சரிவு தனிக் கதை. டாலர் 73 ரூபாயிலிருந்து 90 ரூபாய்க்குப் போனால், அதே 30,000 ரூபாய்ச் சரக்கு ஏறத்தாழ 37,000 ரூபாயாகிறது. வரி விகிதத்தில் ஒரு புள்ளிகூட மாறாமலேயே வரித்தொகை 13,188-இலிருந்து சுமார் 16,260 ஆகிறது. பட்ஜெட்டில் யாரும் அறிவிக்காத வரி உயர்வு என்று இதைச் சொல்லலாம்.

கேள்வி: என் தம்பி சிங்கப்பூரில் வேலை செய்கிறான். பொங்கலுக்கு வரும்போது திருச்சி விமான நிலையம் வழியாக ஒரு கன்சோலைக் கொண்டுவந்தால் வரி உண்டா? அல்லது கூரியரில் அன்பளிப்பு என்று எழுதி அனுப்பிவிடலாமா?
– மன்னார்குடி வாசகி

பதில்: தம்பி கையில் கொண்டுவரட்டும், கூரியர் வேண்டாம். அன்பளிப்பு என்று எழுதி அஞ்சலிலோ கூரியரிலோ வரியில்லாமல் பொருள் அனுப்பும் வழி 2019 டிசம்பரில் அடைக்கப்பட்டுவிட்டது. ராக்கியும் உயிர்காக்கும் மருந்துகளுமே விதிவிலக்கு. மற்றவற்றுக்குச் சுங்கம் கட்டித்தான் எடுக்க வேண்டும்.

விமானத்தில் வரும் இந்தியப் பயணிக்கு 2016-ஆம் ஆண்டின் விதிகளில் 50,000 ரூபாய் வரை வரியில்லாச் சலுகை இருந்தது. 2026 பிப்ரவரியில் வந்த புதிய விதிகளில் அது 75,000 ரூபாயாக உயர்ந்திருக்கிறது. தம்பி கொண்டுவரும் எல்லாப் பொருள்களுக்கும் சேர்த்து இந்த வரம்பு என்பதை மறக்க வேண்டாம். கன்சோல், அக்காவுக்கு ஒரு கைப்பை, மாமாவுக்கு ஒரு திறன்பேசி என்று கூட்டிக்கொண்டே போனால் வரம்பு கடந்துவிடும். வாங்கிய கடையின் ரசீதைக் கையில் வைத்திருப்பது நல்லது; ரசீது இல்லையெனில் மதிப்பை அதிகாரி முடிவு செய்வார். சொந்தப் பயன்பாட்டுக்கான பொருளுக்குத்தான் சலுகை. ஒரே பெட்டியில் மூன்று கன்சோல்கள் இருந்தால் அது வியாபாரச் சரக்காகவே பார்க்கப்படும். திருச்சிக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ‘குருவி’களாகப் பறந்து சரக்கு சுமப்பவர்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்துப் பழகிய அதிகாரிகள் அவர்கள்.

சிங்கப்பூரில் கன்சோலுக்குச் சுங்க வரி கிடையாது. 9 சதவீத ஜி.எஸ்.டி. மட்டும் உண்டு. சுற்றுலாப் பயணிக்குத் திரும்பக் கிடைக்கும் அந்த வரி, அங்கே வேலை அனுமதியில் இருக்கும் தம்பிக்குக் கிடைக்காது. அப்படியிருந்தும் விலை வேறுபாடு பெரிதாக இருக்கக்கூடும். பதிலுக்கு நீங்கள் இழப்பது இந்திய உத்தரவாதத்தை. பழுதானால் இங்குள்ள சேவை மையம் கையை விரிக்கலாம். நின்டெண்டோ வாங்குவதானால் இந்த இழப்பு பெரிதன்று. அந்நிறுவனம் இந்தியாவில் அதிகாரபூர்வமாக விற்பதில்லை, ஆகவே இங்கே கடையில் வாங்கினாலும் இதே நிலைதான். ஸ்விட்ச் 2 வாங்கும்போது ஜப்பானிய மொழி மட்டும் கொண்ட வகை விலை குறைவாகக் கிடைக்கிறது என்று யாரேனும் ஆசை காட்டினால் ஏமாற வேண்டாம். 2025-இல் ஜப்பானில் 49,980 யென்னுக்கு வெளிவந்த அந்த வகையில் மொழியை மாற்ற முடியாது. பன்மொழி வகையின் விலை அப்போது அங்கேயே 69,980 யென்.

கேள்வி: நான் தென்னை விவசாயி. வெளிநாட்டுப் பாமாயிலுக்கு வரி போட்டால் எங்கள் தேங்காய்க்கு விலை கிடைக்கும் என்பது புரிகிறது. விளையாட்டுக் கருவிக்கு வரி போட்டால் யாருக்கு லாபம்?
– பேராவூரணி வாசகர்

பதில்: இந்த மாதம் வந்த கேள்விகளில் சிறந்தது இதுதான். 2024 செப்டம்பரில் கச்சாப் பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களின் மீதான மொத்த இறக்குமதி வரி 5.5 சதவீதத்திலிருந்து 27.5 சதவீதமாக உயர்ந்தது; 2025 மே மாத இறுதியில் அது 16.5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அந்த ஏற்றமும் இறக்கமும் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் யாருக்கு நல்லது, யாருக்குக் கெட்டது என்பதை நீங்கள் எனக்கே சொல்லித் தருவீர்கள். காப்பு வரி என்றால் காப்பாற்றப்படுவதற்கு உள்ளூரில் ஓர் உற்பத்தியாளர் இருக்க வேண்டும். கன்சோலைப் பொறுத்தவரை அப்படி ஒருவர் இந்தியாவில் இல்லை. சோனி, மைக்ரோசாஃப்ட், நின்டெண்டோ மூவரின் கன்சோல்களும் பெரும்பாலும் சீனாவில் தயாராகின்றன. 2018-இல் அமெரிக்கா இறக்குமதி செய்த கன்சோல்களில் 96 சதவீதம் சீனாவிலிருந்து வந்தவை என்று மூன்று போட்டி நிறுவனங்களும் 2019-இல் ஒரே கடிதத்தில் கையெழுத்திட்டு அமெரிக்க அரசிடம் முறையிட்டன.

வரி போட்டால் தொழிற்சாலை தானாக வரும் என்ற நம்பிக்கைக்குத் திறன்பேசியைச் சான்று காட்டுவார்கள். அதே 2018 பட்ஜெட்டில் திறன்பேசிக்கும் 20 சதவீதச் சுங்கம் வந்தது. இன்று ஸ்ரீபெரும்புதூரிலும் ஓசூரிலும் திறன்பேசி தொடர்பான பெரும் ஆலைகள் இயங்குகின்றன. ஆனால் திறன்பேசி இந்தியாவில் ஆண்டுதோறும் கோடிக்கணக்கில் விற்கிறது. உற்பத்தியோடு இணைந்த ஊக்கத்தொகைத் திட்டமும் 2020-இல் சேர்ந்துகொண்டது. ஆலைகள் வேரூன்றிய பிறகு 2024 ஜூலையில் சுங்க வரியை 15 சதவீதமாகக் குறைத்துவிட்டார்கள். கன்சோலுக்கு அந்த விற்பனை அளவும் இல்லை, ஊக்கத்தொகையும் இல்லை. வரி மட்டும் 20-லேயே நிற்கிறது.

பிரேசில் நாட்டில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 2013-இல் ப்ளேஸ்டேஷன் 4 அமெரிக்காவில் 399 டாலருக்கு வந்தபோது பிரேசிலில் அதன் விலை 3,999 ரியால், அன்றைய மதிப்பில் 1,800 டாலருக்கு மேல். மக்கள் கொதித்ததால், விலையில் ஏறத்தாழ 63 சதவீதம் வரிகளே என்று சோனி கணக்கை வெளியிட்டது. பின்னர் 2015-இல் அங்கேயே உற்பத்தியைத் தொடங்கி விலையை 2,599 ரியாலாகக் குறைத்தது. ஆக, மிகக் கடுமையான வரி ஓர் ஆலையைக் கொண்டுவரத்தான் செய்தது. ஆனால் உள்நாட்டில் தயாரான பிறகும் பிரேசில்காரர் அமெரிக்கரைவிட அதிக விலையே கொடுத்தார். நம்முடைய 20 சதவீதம் ஆலையைக் கொண்டுவரும் அளவுக்குக் கடுமையானதும் அன்று, வாங்குபவர் பொருட்படுத்தாமல் விடும் அளவுக்கு மென்மையானதும் அன்று. ரசீதில்லாச் சரக்கு விற்பவர்களே இதனால் தெளிவாக லாபம் அடைகிறார்கள் என்பது என் முடிவு. இறக்குமதியாளரின் பெயர், முகவரி, தயாரான நாடு, அதிகபட்ச விலை ஆகியவை அச்சிட்ட ஒட்டுத்தாள் பெட்டியில் இல்லையென்றால் அது அந்த வகைச் சரக்கு என்று அறிந்துகொள்ளலாம்.

கேள்வி: புதிய கன்சோல் வெளிவந்து சில ஆண்டுகளில் விலை குறைந்துவிடும் என்று காத்திருப்பது என் வழக்கம். இப்போதும் காத்திருக்கலாமா?
– நாகப்பட்டினம் வாசகர்

பதில்: பழைய வழக்கம் பழைய காலத்துக்குச் சரியாக இருந்தது. 2000-இல் அமெரிக்காவில் 299 டாலருக்கு வந்த ப்ளேஸ்டேஷன் 2, 2002-இல் 199 டாலராகவும் 2009-இல் 99 டாலராகவும் இறங்கியது. சில்லுகள் ஆண்டுக்கு ஆண்டு சிறிதாகி மலிவாயின. கன்சோலில் லாபம் இல்லாவிட்டாலும் விளையாட்டுகளை விற்று ஈடுகட்டினார்கள். அந்த ஏற்பாடு இன்றும் தொடர்கிறது. எக்ஸ்பாக்ஸ் கன்சோலை ஒருபோதும் லாபத்துக்கு விற்றதில்லை என்று மைக்ரோசாஃப்ட் அதிகாரி ஒருவர் 2021-இல் அமெரிக்க நீதிமன்றத்திலேயே சாட்சி சொன்னார். லாபமே இல்லாத பொருளின் மீது 20, 30 சதவீத வரி விழும்போது அதை நிறுவனம் தாங்கிக்கொள்ள இடமில்லை. சில்லுகள் சிறிதாவதும் இப்போது முன்போல மலிவைத் தருவதில்லை. 2025 இறுதியில் நினைவகச் சில்லுகளின் விலையும் ஏறியது. வெளிவந்து ஐந்து ஆண்டுகள் ஆன கன்சோலின் விலை ஏறுவதை இதற்கு முன் நாம் அதிகம் பார்த்ததில்லை.

ஆகவே நிரந்தர விலைக்குறைப்புக்காகக் காத்திருக்க வேண்டாம். பண்டிகைக் காலத் தள்ளுபடிக்காகக் காத்திருப்பது வேறு, அது வரும். நல்ல நிலையில் இருக்கும் பழைய கன்சோலை நேரில் இயக்கிப் பார்த்து வாங்குவதிலும் தவறில்லை. அதற்கான சுங்கம் முதல் உரிமையாளரோடு முடிந்துவிட்டது.

கேள்வி: மயிலாடுதுறையில் கல்லூரி அருகே கேமிங் சென்டர் தொடங்க நான்கு கன்சோல்கள் வாங்கவிருக்கிறேன். கட்டும் வரியில் ஏதேனும் திரும்பக் கிடைக்குமா? விளையாட்டுகளைக் குறுந்தட்டாக வாங்குவதா, இணையத்தில் இறக்கிக்கொள்வதா?
– மயிலாடுதுறை வாசகர்

பதில்: நீங்கள் ஜி.எஸ்.டி. பதிவு பெற்று, வாடிக்கையாளர்களிடம் வரி வசூலித்துச் செலுத்துபவராக இருந்தால், கன்சோல் பில்லில் உள்ள 18 சதவீதத்தை உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ளலாம். 54,990 ரூபாய் பில்லில் அது 8,388 ரூபாய். பில்லில் உங்கள் பதிவு எண் இருக்க வேண்டும். சிறு வணிகர்களுக்கான எளிய ஜி.எஸ்.டி. முறையான தொகுப்புத் திட்டத்தில் இருப்பவருக்கு இந்த வரவு இல்லை. விலைக்குள் கரைந்துபோன சுங்க வரி எந்த வழியிலும் திரும்ப வராது.

வெளிநாட்டிலிருந்து வரும் தட்டுக்குச் சுங்கம் உண்டு. மின்வழிப் பரிமாற்றத்துக்குச் சுங்கம் விதிப்பதில்லை என்று உலக வர்த்தக அமைப்பின் நாடுகள் 1998-இல் செய்துகொண்ட ஏற்பாட்டைப் பலமுறை நீட்டித்து வந்ததால் இறக்கிக்கொள்ளும் விளையாட்டு அதிலிருந்து தப்பிவந்தது, ஜி.எஸ்.டி. மட்டும் இரண்டுக்கும் உண்டு. இருந்தும் வரிக்கு அப்பால் ஒன்றைக் கவனியுங்கள்: தட்டை விளையாடி முடித்தபின் விற்கலாம், நான்கு கன்சோல்களில் மாற்றி மாற்றிப் போடலாம்; இறக்கிய விளையாட்டு உங்கள் கணக்கோடு கட்டுண்டது. வணிகப் பயன்பாட்டுக்கு நிறுவனத்தின் உரிம நிபந்தனைகள் இடம் தருகின்றனவா என்பதை முதலீடு செய்வதற்கு முன்பே படித்துவிடுங்கள்.